பஞ்சர் மட்டும் ஆகவில்லை

சைக்கிளில் நெடுந்தூரம் கிளம்புகிறவரிடம் ஊரே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வழியில பஞ்சர் ஆயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" பஞ்சரெல்லாம் ஒரு விஷயமே இல்லை. டியூப், பேட்ச், பசை, கைப்பம்பு எல்லாம் பையில் இருக்கும். கால்மணி நேர வேலை. தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அந்த வேலையும் மிச்சம். ஆளை நடுரோட்டில் உட்கார வைப்பவை வேறு பாகங்கள். வாங்கிய நாளிலிருந்து நாம் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்திராதவை, பாதிப் பேருக்குப் பெயர்கூடத் தெரியாதவை. நாகப்பட்டினத்திலிருந்து பாக் நீரிணைக் கரையோடு தனுஷ்கோடிவரை, ஒரு தை மாதத்தில் நானும் நண்பரும் போன பயணத்தில் அப்படிப்பட்ட பாகங்கள் ஒவ்வொன்றாக எங்களுக்கு அறிமுகமாயின. பஞ்சர் மட்டும் ஆகவில்லை.

நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வாடை. வடகிழக்கிலிருந்து வீசுகிற இந்தக் காற்று தெற்கே போகிறவனின் முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆடியில் இதே சாலையில் கச்சான் காற்று எதிரே நின்று மல்லுக்கட்டும். மீனவர்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு சைக்கிள்காரனுக்கும் பொருந்தும்.

சென்னைவாசிக்கு ஈசிஆர் என்றால் ஞாயிறு காலை. திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் பக்கம் போய், வெயில் ஏறுமுன் வீடு திரும்பி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று கைபேசியில் பார்த்துப் பெருமூச்சு விடுவது. நாகைக்குத் தெற்கேயும் அதே சாலைதான், அதே பெயர்தான். ஆனால் இங்கே சாலை ஊருக்குள் போகிறது. ஆடு படுத்திருக்கிறது, நெல் காய்கிறது, மீன்கூடையோடு வண்டிகள் எதிரே வருகின்றன. தலைக்கவசம், கையுறை, இறுக்கமான பனியன் சகிதம் நாங்கள் மூச்சுவாங்கிப் போய்க்கொண்டிருக்க, அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பின்னால் ஒரு தோழியை வைத்துக்கொண்டு வந்த பள்ளி மாணவி எங்களைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது மணி வேறு அடித்தாள்.

எங்கள் வண்டிகளின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் அலுமினிய பிரேம், கியர் வண்டிகள். என்னுடையது கைமாறி வந்தது. நண்பருடையது பெசன்ட் நகர் அடுக்ககத்தின் பால்கனியில் கடற்காற்று வாங்கியபடி சில வருடம் நின்றது. உப்புக்காற்று மனிதருக்கு இதம், சைக்கிளுக்கு விஷம். அலுமினியமும் எஃகும் ஒட்டி இருக்கிற இடத்தில் உப்பு ஈரம் புகுந்துவிட்டால் இரண்டுக்கும் இடையே ஒரு சின்ன மின்கலமே ஓட ஆரம்பித்துவிடும். அரிப்பு வெளியே தெரியாது. உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

வேளாங்கண்ணியில் காலைச் சாப்பாட்டுக்கு நின்றபோது என் வண்டியின் இடது பெடல் பக்கம் 'கிரீச்' என்று ஒரு சத்தம். கிளம்பும் முன் சென்னையில் ஒரு கடையில் வண்டியை முழுதாகப் பிரித்துப் பூட்டி வாங்கியிருந்தேன். "புது வண்டி மாதிரி ஆயிடுச்சு சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காது இரண்டு நாள் அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொண்டது.

வேதாரண்யம் – கோடியக்கரை

வேதாரண்யத்தை நெருங்கும்போது நிலத்தின் நிறம் மாறுகிறது. பச்சை குறைந்து சாம்பல் ஏறுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்த வட்டாரத்தில்தான் கரையேறியது. தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. இப்போது தோப்பு என்று இருப்பவற்றில் பாதி, ஆள் உயரத்தைச் சமீபத்தில்தான் தாண்டிய மரங்கள். இளநீர் விற்ற அம்மா, "இது புயலுக்கு அப்புறம் வெச்ச மரத்துக் காயி" என்று சொல்லிச் சீவினார். மரத்துக்கு வயது சொல்ல இங்கே எல்லாருக்கும் அதுதான் ஆண்டுக்கணக்கு.

அகஸ்தியம்பள்ளி தாண்டினால் இருபுறமும் உப்பளம். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பிய தொண்டர்கள் நடந்தே வந்து, ஏப்ரல் 30-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். அதற்கான நினைவுத்தூண் சாலையோரம் நிற்கிறது. நாங்கள் போனபோது அறுவடைக் காலம் இன்னும் தொடங்கவில்லை. மழைநீரை வடித்துவிட்டுப் பாத்திகளில் சேற்றை வழித்து, காலால் மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது இங்கேதான்.

கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான்கள் தூரத்தில் தலை தூக்கிப் பார்த்தன. ஊர்க் குதிரைகள் காடேறி, காட்டுக் குதிரைகளாகவே ஆகிவிட்ட ஒரு கூட்டமும் உண்டு. சதுப்பில் பூநாரைகள் தலைகீழாகக் கழுத்தை வளைத்து மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்க்கிற ஆசையில் கழிமுகத்து ஓரம் ஒரு மண்பாதையில் இறங்கி, சக்கரத்தின் அச்சுவரை உப்புச்சேற்றில் புகுந்து வெளியே வந்தோம். நண்பர் பெடலை மிதித்தார். கால் சுற்றியது, செயின் சுற்றியது, பின் பல்சக்கரம் சுற்றியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

செயின் அறுந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். இதில் எல்லாம் சுற்றுகிறது, எதுவும் நடக்கவில்லை. பின்சக்கரத்தின் ஹப்புக்குள் சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன. ஸ்பிரிங் அவற்றைத் தூக்கிப் பிடிக்க, அவை பல்வளையத்தில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். மிதிக்காமல் உருளும்போது 'டிக் டிக்' என்று கேட்பது அந்தக் கொக்கிகள் பல்லின் மேல் வழுக்குகிற சத்தம். பழைய கிரீஸ் இறுகி, அதன்மேல் உப்புச்சேறும் சேர்ந்து, கொக்கிகள் படுத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன.

வண்டியை உருட்டியபடி படகுகள் நிற்கிற கரைக்கு வந்தோம். என்ஜின் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நண்பர் மிதிப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு, "என்ன சார், காத்துல பெடல் பண்றீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துமுடிக்கும் வரை அவரும் சிரித்தார். பிறகு சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, ஒரு வாளியின் மேல் படுக்க வைத்தார். ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சில் டீசலை இழுத்து, பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் சொட்டுச்சொட்டாக இறக்கினார். கறுப்பாக ஏதோ வழிந்தது. சுத்தியலின் மரப்பிடியால் ஹப்பின் மேல் பட்டும் படாமலும் தட்டினார். ஒரு கையால் பல்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டியபடி காதைக் கிட்டே கொண்டுபோனார். மறுபடி டீசல், மறுபடி தட்டல். வழிகிற டீசல் வெள்ளையாகும்வரை விடவில்லை. முதலில் ஒரு 'டிக்'. பிறகு விட்டுவிட்டு இரண்டு. பிறகு சீராக வந்தது. கடைசியில் நாலு சொட்டு என்ஜின் ஆயில்.

"இதுமாரி ஹப்பு நீங்க முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "சைக்கிள்ல பாத்ததில்ல. இழுக்குறப்ப புடிக்கணும், விடுறப்ப வழுக்கணும், அவ்ளோதானே?" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தார்.

திருத்துறைப்பூண்டி

வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியெல்லாம் சம்பா அறுவடை. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த அறுவடை இயந்திரங்கள் வயலுக்கு வயல் மாறிக்கொண்டிருந்தன. கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் மலைமலையாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பதால், காய வைக்கக் களம் போதாமல் சாலையின் ஒரு பாதி நெல்லுக்குப் போயிருந்தது. நாங்கள் மறுபாதியில் போனோம்.

திருத்துறைப்பூண்டிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் என் இடது கால் திடீரென்று காற்றை மிதித்தது. பெடல் செருப்போடு ஒட்டிக்கொண்டு தனியாக வந்துவிட்டது. கிராங்கில் அது மாட்டியிருந்த ஓட்டையில் மரை என்று ஒன்று இல்லவே இல்லை. அலுமினியத் துருவல்தான் மினுக்கியது.

இடது பெடலில் ஒரு விசேஷம் உண்டு. அதன் மரை இடப்பக்கமாகச் சுற்றினால்தான் இறுகும். வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் தலைகீழ் மரை. மிதிக்கும் விசை ஓட்டைக்குள் பெடல் தண்டை மெல்ல மெல்ல எதிர்த்திசையில் உருட்டும் என்பதால், இரண்டு பக்கமும் ஓட ஓட இறுக வேண்டும் என்று செய்த ஏற்பாடு. இது தெரியாமல் யாரோ ஒருவர் சாதாரணத் திருகு என்று நினைத்து அழுத்திப் பூட்டியிருக்கிறார். எஃகுத் தண்டு அலுமினிய மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. வேளாங்கண்ணியில் கேட்ட 'கிரீச்' அதுதான்.

வலது காலால் மட்டும் மிதித்து, இடது காலைத் தொங்கவிட்டு ஊருக்குள் வந்தேன். சைக்கிள் கடைக்காரர் பார்த்த உடனேயே, "இது நம்ம வேலை இல்ல, லேத்துக்குப் போங்க" என்று வழிகாட்டினார். தன் வேலை எது, தன் வேலை அல்லாதது எது என்று இவ்வளவு சீக்கிரம் சொல்லும் ஆளை நகரத்தில் நான் பார்த்ததில்லை.

லேத் பட்டறையில் அறுவடை இயந்திரங்களின் உதிரிகள் வரிசையில் கிடந்தன. அறுவடைக் காலத்தில் ஒரு இயந்திரம் நின்றால் ஒரு ஊரின் வேலை நிற்கும். எங்கள் பெடல் அதற்குப் பிறகுதான் என்று பட்டறைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். அது நியாயம். பக்கத்துக் கடையில் மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி கிடைத்தது. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் திரட்டிய 'நெல்' ஜெயராமனின் ஊர்ப்பக்கம் இது. வருடா வருடம் அவர் இங்கே நெல் திருவிழா நடத்தினார். சிவந்த அரிசி, கொஞ்சம் மோர், சின்ன வெங்காயம். இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

முறை வந்ததும் பேரிங் புல்லரை மாட்டிக் கிராங்கைக் கழற்றினார். பெடல் தண்டின் மேல் மரை அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, "ஒம்போதுக்குப் பதினாறு இன்ச்சு, இருவது மரை. நம்ம கருப்பு சைக்கிள் பெடல்தான்" என்றார். எனக்கு ஆச்சரியம். இத்தனை கியர், இத்தனை விலை, பெடல் மரை மட்டும் பால்காரர் ஓட்டுகிற வண்டியின் அதே அளவு. தலைகீழ் மரை வெட்டும் டேப் அவரிடம் இல்லை. லேத்தில் எஃகுத் துண்டு ஒன்றைப் பிடித்து, நடுவே குடைந்து, சக்கரத்தை எதிர்த்திசைக்கு மாற்றி, மெல்லிய கருவியால் ஒவ்வொரு இழையாக உள்மரை வெட்டினார். ஒவ்வொரு முறையும் பெடலை விட்டுப் பார்ப்பார், கழற்றுவார், இன்னும் ஒரு இழை. பிறகு கிராங்கின் ஓட்டையைப் பெரிதாக்கி அந்த எஃகு புஷ்ஷை இறுக்கமாக இறக்கினார். அலுமினியத்துக்குள் எஃகு மோதிரம். பழைய மரையைவிட இது உறுதி.

அங்கே நின்றபோது யூஜின் கிறிஸ்தோஃப் நினைவுக்கு வந்தார். 1913 டூர் த பிரான்ஸ் போட்டியில், பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயில் இறங்கும்போது அவருடைய வண்டியின் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி வாங்கக் கூடாது என்பது விதி. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுமார் பத்து கிலோமீட்டர் இறங்கி, செந்த்-மாரி-த-காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையில் ஃபோர்க்கைத் தன் கையாலேயே ஒட்ட வைத்தார். மணிக்கணக்கில் நேரம் போனது. ஆனாலும் பட்டறைச் சிறுவன் ஒருவன் துருத்தி ஊதியது உதவிக் கணக்கில் சேர்ந்து, தண்டமாகப் பத்து நிமிடம் விதித்தார்கள். பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள். விதி இயற்றியவர்கள் திருத்துறைப்பூண்டிப் பட்டறையைப் பார்த்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்! லேத்தை நிறுத்தியவர் ஒருவர், விளக்குப் பிடித்தவர் ஒருவர், கருத்துச் சொன்னவர்கள் ஆறு பேர்.

முத்துப்பேட்டை – அதிராம்பட்டினம்

முத்துப்பேட்டையில் படகேறி அலையாத்திக் காட்டுக்குப் போய்வந்தோம். ஆற்று வாய்க்காலின் இருபுறமும் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் ஊசிஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். தாண்டினால் திடீரென்று கடல் அளவுக்கு விரிகிற லகூன். மதியம் கொடுவா மீன் குழம்பு. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அதிராம்பட்டினத்துக்கு முன்னால் ஒரு வளைவில் டிராக்டரிலிருந்து சரிந்த வைக்கோல் சாலையை மூடிக்கிடந்தது. மெத்தென்று இருக்கிறதே என்று மிதித்துப் போனேன். வைக்கோல் ஒரு பிடி பின் கியருக்குள் புகுந்து செயினோடு சுற்றிக்கொண்டு, கியரையே பின்சக்கரத்துக் கம்பிகளுக்குள் இழுத்துவிட்டது. 'மடக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் பின் கியர் செயினில் தொங்கி ஆடுகிறது. அதைப் பிரேமோடு சேர்க்கிற ஹேங்கர் என்ற குட்டி அலுமினியத் துண்டு இரண்டாக முறிந்திருந்தது.

அது முறிவதற்கென்றே செய்யப்பட்டது. அடி விழுந்தால் பிரேம் முறியாமல், மென்மையான இந்தத் துண்டு முறிய வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம், ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஓட்டை. நூற்றுக்கணக்கில் வகைகள். ஒன்றுக்கொன்று பொருந்தாது. உடைய வேண்டிய பாகத்தை ஊருக்கு ஊர் கிடைக்காதபடி செய்வதற்கு எந்த நியாயமும் கிடையாது என்பது என் கட்சி. சென்னையில் முன்பே ஒரு கடையில் கேட்டுவைத்திருந்தேன். "ஆர்டர் போட்டா வரும், மூணு வாரம் ஆகும்" என்றார்கள். ஆர்டர் வந்து சேருமுன் தை பிறந்துவிட்டது.

உருட்டிக்கொண்டு ஊருக்குள் போனால் கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. ஜும்மா நேரம். சைக்கிள் கடைத் திண்ணையில் உட்கார்ந்தோம். எதிர்வீட்டுப் பையன் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "காக்கா தொழுதுட்டு, சாப்ட்டுட்டு, மூணு மணிக்குத்தான் வருவாங்க" என்றான். தொழுகை முடிந்ததும் தெருமுனை டீக்கடை திறந்தது. அரிசிமாவுக்குள் இறாலும் வெங்காயமும் தேங்காயும் வைத்துப் பொரித்த இறால் வாடா சுடச்சுட வந்தது. மேலே ஒரு முழு இறால் ஒட்டியிருக்கும். நான் அலுத்துக்கொள்ளாமல் காத்திருந்ததற்கு அந்த வாடாதான் காரணம்.

மூன்று மணிக்குக் கடைக்காரர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், கைலி, தலையில் வெள்ளைத் தொப்பி. ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் விட்ட கடை. சுவரில் இன்னும் வரிசை எண்கள் தெரிந்தன. இப்போது பள்ளிப் பிள்ளைகளின் அரசு சைக்கிள்தான் பிழைப்பு என்றார். முறிந்த ஹேங்கரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வெல்டிங் வெக்க முடியுமா காக்கா?" என்று நண்பர் கேட்டார்.

"அலுமினியம். இங்க யாரும் வெக்க மாட்டாங்க. வெச்சாலும் நிக்காது." துண்டைத் தட்டில் வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். "இதுல எத்தினி கியரு?"

"பின்னாடி ஒன்பது, முன்னாடி மூணு."

"ராமேஸ்வரம் போறதுக்கு மலை ஏதும் ஏறணுமா?"

"இல்ல."

"அப்பறம் ஒண்ணு போதும்ல?"

கியரை முழுதாகக் கழற்றி என் பையில் போடச் சொன்னார். செயினை நேராக முன் பல்லிலிருந்து பின் பல்லுக்கு ஓட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டால் பழைய சைக்கிள் ஆகிவிடும். சொல்ல எளிது. பழைய சைக்கிளில் பின்சக்கரத்தைப் பின்னால் நகர்த்திச் செயினை இறுக்கலாம். இந்த வண்டியில் அச்சு மேலும் கீழுமான பள்ளத்தில் உட்கார்கிறது, ஒரு நூல்கூட நகராது. ஆகவே எந்த முன்பல்லும் எந்தப் பின்பல்லும் சேர்ந்தால் செயின் தானாகவே சரியான இறுக்கத்தில் நிற்கும் என்று தேட வேண்டும். அவர் காகிதம் எடுக்கவில்லை. செயினை ஒவ்வொரு பல்லிலும் சுற்றிப் போட்டு, நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தார். "லூசு." அடுத்தது. "டைட்டு." அடுத்தது.

செயின் பின்னைத் தள்ளுகிற கருவி அவரிடம் இருந்தது. கருப்பு சைக்கிளின் தடித்த செயினுக்கானது. எங்கள் மெல்லிய செயின் அதில் ஆடியது. பின்னால் ஒரு வாஷரைச் சொருகி ஆட்டத்தை நிறுத்தினார். மரையை அரைச்சுற்று, கால்சுற்று என்று திருகியபடி, பின் வெளியே வரும் கடைசி நொடியில் மூச்சைப் பிடித்தார். செயினின் இரு முனைகளையும் இணைக்க, நண்பரின் பையிலிருந்த குயிக் லிங்க்கை மாட்டினோம்.

முதல் ஓட்டத்தில் தெருமுனைகூடத் தாண்டவில்லை. செயின் பக்கத்துப் பெரிய பல்லுக்கு ஏறி, கம்பியாக விறைத்துக்கொண்டது. திரும்ப வந்து நின்றதும், "ஏறும்னு தெரியும். எங்க ஏறுதுன்னு பாக்கத்தான் ஓட்ட விட்டேன்" என்றார். தரையில் குந்தி, பின்னாலிருந்து ஒற்றைக்கண்ணால் செயினின் கோட்டைப் பார்த்தார். முன்னால் நடுப்பல்லுக்கு மாற்றி, பின்னால் ஒரு பல் உள்ளே தள்ளி, இன்னும் ஒரு கண்ணி வெட்டினார். செயின் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அஸருக்குப் பாங்கு சொல்லும் முன் வேலை முடிந்தது. கூலி அறுபது ரூபாய். நூறு கொடுத்தால் நாற்பதைத் திருப்பி எண்ணி வைத்தார். வெட்டிய செயின் துண்டை மட்டும், "இது எனக்கு இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து தனுஷ்கோடிவரை என் வண்டிக்கு ஒரே வேகம். கியர் மாற்றும் விரல் முதல் நாள் முழுக்க வெறும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அதன்பிறகு மறந்துவிட்டது.

மல்லிப்பட்டினம் – ஜெகதாப்பட்டினம்

மல்லிப்பட்டினம் அருகே மனோரா. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-ல் நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாடிக் கட்டிய அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குச் சோழநாட்டுக் கடற்கரையில் வெற்றிச்சின்னம் எழுப்பியதில் உள்ள அரசியல், அரியணையைக் கும்பினிக்காரன் கையிலிருந்து வாங்கியவரின் அரசியல். கோபுரம் அழகாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப்பெயரே இந்தச் சாலையின் பழைய வேலையைச் சொல்கிறது. ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நாங்கள் தங்கியது அந்தச் சத்திரங்களில் அல்ல என்றாலும், போனது அவர்களுடைய பாதையில்தான்.

ஜெகதாப்பட்டினத்தை நெருங்கும்போது நண்பர் 'ஐயோ' என்றார். சீட்டுக்கு அடியில் ஓடுகிற இரண்டு எஃகுக் கம்பிகளில் ஒன்று, பிடிப்புக்குள் துருவேறி இற்று முறிந்திருந்தது. பால்கனியின் பரிசு. சீட் ஒருபக்கம் சரிந்து, உட்கார்ந்தால் தொடையைக் கிள்ளியது. இறங்குதளத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்க, நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கொஞ்சம் கயிறு கேட்டோம். அவர் கயிறு கொடுக்கவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டுத் தானே எழுந்து வந்தார். "கயித்த குடுத்தா நீங்க முடிச்சு போட்டுருவீங்களா தம்பி?" என்றார். நைலான் கயிற்றைக் கம்பிக்கும் சீட் தண்டுக்கும் இடையே எட்டு வடிவில் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கி, குச்சியையே சேர்த்துக் கட்டினார். "தளந்துதுன்னா குச்சிய இன்னொரு சுத்து சுத்துங்க. அவுக்காதீங்க." பேச்சு சைக்கிளிலிருந்து கடலுக்குப் போனது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகள், திரும்பி வராத வலைகள், வந்தாலும் ஓட்ட முடியாத நிலையில் வருகிற படகுகள். அவருடைய பங்காளியின் படகு அக்கரையில்தான் கிடக்கிறதாம். சீட்டுக் கம்பி முறிந்ததை ஒரு கஷ்டமாகச் சொல்லிக்கொண்டு அங்கே நின்றது எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

தொண்டி – தேவிபட்டினம்

இந்தப் பகுதியை வேகமாகக் கடந்தோம். வாடை அன்று பலமாக அடித்தது. சங்ககாலத்திலிருந்து பெயர் கேட்ட தொண்டி இதுவா, கேரளக் கரையில் இருந்ததா என்று நண்பர் வாதத்தைக் கிளப்பினார். காற்றில் பாதி காதில் விழவில்லை. பனைமரங்கள் தொடங்கிவிட்டன. சாலையோரம் அவித்த பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்றது. நாரை உரித்து, ஒடித்து, உள்ளே உள்ள பீலியை எடுத்துப் போட்டுவிட்டு மென்றுகொண்டே போனால் பத்து கிலோமீட்டர் தெரியாமல் ஓடும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கற்களைச் சுற்றி வழக்கமான கூட்டம்.

ராமநாதபுரத்தில் கொஞ்சம் பெரிய சைக்கிள் கடை கண்ணில் பட, ஹேங்கரைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய ஹேங்கர்களைக் கொட்டினார். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை.

பாம்பன் – தனுஷ்கோடி

1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியைக் கைப்பிடிச்சுவர் பக்கம் ஒதுக்கியது. கீழே இரண்டு ரயில் பாலங்கள். 1914-ல் திறந்த பழையது ஓய்வில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறுகிற புதியதில் ரயில் ஓடுகிறது. நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்றில் நின்ற அந்தப் பழைய இரும்பைப் பார்த்துவிட்டு நண்பர் தன் சீட்டுக் கயிற்றுக்கு இன்னொரு சுற்றுக் கொடுத்தார்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அழித்த தனுஷ்கோடியில் தேவாலயச் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம். அதற்கு அப்பால் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை, இருபக்கமும் கடல். ஓலைக் கடையில் பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டோம். எங்கள் வண்டிகளைச் சுற்றிப் பார்த்த கடைக்காரம்மா, கயிறு கட்டிய சீட்டையும் கியர் இல்லாத கியர் வண்டியையும் பார்த்துவிட்டு, "எம்புட்டுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டார். நண்பர் உண்மை விலையில் பாதியைச் சொன்னார். அதற்கே அவர் வாயில் கை வைத்தார்.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. தையிலோ மாசியிலோ போங்கள், வடக்கிலிருந்து தெற்கே. உங்கள் வண்டிக்குரிய ஹேங்கர் ஒன்றையும் குயிக் லிங்க் இரண்டையும் இன்றைக்கே ஆர்டர் போட்டு வையுங்கள். விலை சில நூறு ரூபாய்தான், வந்து சேரத்தான் நாளாகும். அதிராம்பட்டினத்தில் வேலை இருந்தால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் கடை திறக்காது.